கூட்டுழைப்பும் கொம்பனி உடைமையும்

ஒரு தொழிற்சாலை கைமாறும்பொழுது அதனுள்ளிருக்கும் யந்திரங்கள் எண்ணப்படுகின்றன, கட்டிடங்களும் நிலமும் விலை மதிக்கப்படுகின்றன, கணக்கு முடிகின்றது. விற்றவன் எதனை விற்றான், வாங்கியவன் எதனை வாங்கினான் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயின், விற்கப்படும் பொருளை ஆக்கியோரிற் பெருந்தொகையினர் விற்பவனிடம் ஒரு சதமேனும் கூலி பெறாதவர்களாயின்? அவர்கள் தம் உழைப்பைப் பொதுச்சொத்தாகவே கருதி வழங்கியிருந்தனராயின்? அப்பொழுது அங்கே விற்கப்படுவது யாது?

இவ்வினாவை நம் காலத்தில் மிகத் தெளிவாக எழுப்பிய நிகழ்ச்சி, சண் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் அமெரிக்கக் கணினிக் கொம்பனியை ஒராக்கிள் கொம்பனி 2010 ஆம் ஆண்டிற் சுவீகரித்துக் கொண்டமையாகும். ஒன்றரைத் தசாப்தம் கடந்துவிட்டது. அன்றைய ஆரவாரமும் அச்சமும் அடங்கிவிட்டன. விளைவுகளை நிதானமாக மதிப்பிடுதல் இப்பொழுது சாத்தியமாகின்றது.

இந்நிகழ்ச்சி பற்றி இருவகைக் கதைகள் வழக்கிலுண்டு. பங்குச் சந்தையின் கண்கொண்டு நோக்குவோர்க்கு இது நலிந்த கொம்பனி ஒன்றை வலிய கொம்பனி வாங்கிய சாதாரண வியாபாரம். கட்டற்ற மென்பொருளின் அபிமானிகளுக்கோ இது இராட்சத மூலதனத்தை எளிய தன்னார்வலர் வென்ற வீரகாவியம். முதலாவது கதையில் உழைப்பாளர் இல்லை. இரண்டாவதில் உழைப்பாளர் உளர். ஆனால் அவர்தம் வாழ்நிலை இல்லை. இரண்டும் குறைபாடுடையன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1

முதலிற் சண் கொம்பனியின் இயல்பைப் புரிந்துகொள்ளல் வேண்டும். அதனை நல்லவனாகவும் ஒராக்கிளைத் தீயவனாகவும் காட்டும் போக்கு விமர்சனமாகாது.

1982 இற் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட சண், வலிமை மிக்க கணினி யந்திரங்களை விற்றே செல்வம் ஈட்டியது. மென்பொருள் அதற்கு யந்திரத்தை விற்பதற்கான துணைப்பொருள். எனவே மென்பொருளைத் தாராளமாக வழங்குவதனால் அதற்கு இழப்பு அதிகமில்லை. போட்டியாளர்க்கோ அது பேரிழப்பு. 1999 இல் ஜேர்மனியின் ஸ்டார் டிவிஷன் கொம்பனியை வாங்கி, அதன் அலுவலக மென்பொருளின் மூலநிரலை 2000 ஆம் ஆண்டில் உலகறியத் திறந்துவிட்டமை இந்த நோக்கிலேயே. மைக்ரோசொப்ட் கொம்பனியின் ஏகபோகத்தைத் தாக்க அஃது ஓர் ஆயுதம். அவ்வாறு பிறந்ததே ஓப்பின் ஓபிஸ். பின்னர் 2005 இற் சொலாரிஸ் என்னும் பணிசெயல் முறைமையின் மூலநிரலையும், 2006 தொடக்கம் ஜாவா மொழியின் மூலநிரலையும் சண் திறந்தது. 2008 இல் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை ஆக்கிய சுவீடன் நாட்டுக் கொம்பனியை ஏறத்தாழ 100 கோடி டொலருக்கு வாங்கியது.

மூலதனங்களுக்கிடையிலான போட்டியின் விளைவாகவே இப்பொருள்கள் பொதுவெளிக்கு வந்தன. ஆயினும் வந்தபின்னர் அவை வேறொன்றாயின. பல நாடுகளின் நிரலாக்குநர், மொழிபெயர்ப்பாளர், வழு கண்டறிவோர், கைந்நூல் எழுதுவோர், அயலவர்க்குக் கற்பிப்போர் ஆகியோர் அவற்றைச் சுற்றித் திரண்டனர். மூலதனம் தன் தேவைக்காக அழைத்த கூட்டம், தனக்கெனவொரு வாழ்வையும் நோக்கையும் பெற்றுக்கொண்டது. தொழிற்சாலைக்குள் ஒன்றுசேர்க்கப்பட்ட தொழிலாளர் வர்க்கம் தன்னை ஒரு சக்தியாக உணர்ந்துகொண்ட வரலாற்றை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை.

2

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட இணைய வியாபாரச் சரிவின் பின் சண் முன்னைய நிலைக்கு மீளவேயில்லை. 2009 இல் முதலில் ஐபிஎம் கொம்பனியுடன் நடந்த பேச்சு முறிந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 20 ஆந் திகதி ஒராக்கிள் 740 கோடி டொலருக்குச் சண்ணை வாங்க உடன்பட்டது. தரவுத்தளச் சந்தையில் முதன்மை பெற்றிருந்த ஒராக்கிளின் கைக்கு மைஎஸ்கியூஎல் செல்வதையிட்டு ஐரோப்பிய ஆணைக்குழு விசாரணை நடத்தியது. விசாரணை நீண்ட மாதங்களில், 2009 ஒக்டோபரில், உலகெங்கும் 3,000 வேலைகள் வரை குறைக்கப்படுமெனச் சண் அறிவித்தது. கொம்பனியின் ஊழியரில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினர் அவர்கள். 2010 ஜனவரியிற் சுவீகாரம் பூர்த்தியாயிற்று.

சுவீகாரம் பூர்த்தியாகுமுன்னரே உழைப்பாளர் பலியாகத் தொடங்கினர் என்பது கவனிக்கற்பாலது. எஞ்சியோரிலும் பலர் தாமாகவே வெளியேறினர். ஜாவா மொழியின் பிதா எனப் போற்றப்படும் ஜேம்ஸ் கோஸ்லிங் 2010 ஏப்ரலிற் பதவி துறந்தார். பெயர் பெற்ற ஒருவர் விலகினால் அது செய்தியாகின்றது. பெயரற்ற மூவாயிரவர் நீக்கப்பட்டால் அது புள்ளிவிவரமாகின்றது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது.

3

ஒரே சுவீகாரத்தின் கீழ் வந்த நான்கு பொருள்கள் நான்கு வெவ்வேறு கதிகளை அடைந்தன. இவ்வேறுபாட்டினை ஆராய்வதே நமக்குப் பயன் தருவது.

முதலாவது, திறந்த சொலாரிஸ். அதற்கு ஒரு சமூக ஆட்சிக் குழு இருந்தது, தேர்தல் இருந்தது, யாப்பும் இருந்தது. ஆனால் மூலநிரலை நாடோறும் ஆக்கியோர் பெரும்பாலும் கொம்பனியின் சம்பளக்காரரே. ஒராக்கிள் அக்குழுவுடன் பேசவும் முன்வரவில்லை. தொடர்புக்கு ஒருவரை நியமிக்குமாறு கேட்டும் பதிலின்றி, 2010 ஆகஸ்டில் அக்குழு முழுமையாகப் பதவி விலகிற்று. இல்லுமோஸ் என்ற பெயரில் ஒரு கிளை பிரிந்து வாழ்கின்றது. அதன் கோப்பு முறைமை வேறிடங்களிலும் செழித்தது. எனினும் பழைய சமூகம் சிதறிப்போயிற்று. 2017 செப்டெம்பரில் ஒராக்கிள் தன் சொலாரிஸ் பிரிவினரையும் பெருந்தொகையாக வேலைநீக்கியது. அதிகாரமில்லாத சனநாயகம் வெறும் அலங்காரம் என்பதற்கு இஃதோர் உதாரணம்.

இரண்டாவது, ஹட்சன். நிரல்களைத் தானாகவே ஒன்றுசேர்த்துச் சோதிக்கும் இக்கருவியைச் சண் ஊழியரான கோசுகே கவாகுச்சி தொடங்கினார். சுவீகாரத்தின் பின், அப்பெயரின் வர்த்தகக் குறி தனக்கே உரியதென ஒராக்கிள் கூறியது. சமூகம் வாக்கெடுப்பு நடத்தியது. 214 பேர் பெயரை மாற்றிப் பிரிந்து செல்வோம் என்றனர். 14 பேர் வேண்டாமென்றனர். 2011 ஜனவரி முடிவில் ஜென்கின்ஸ் பிறந்தது. பெயர் கொம்பனியிடம் தங்கியது. வேலை செய்வோர் புதிய பெயருடன் சென்றனர். பழைய ஹட்சன் சில ஆண்டுகளிற் செயலிழந்தது. பெயருக்கு உழைக்கத் தெரியாதன்றோ!

மூன்றாவது, மைஎஸ்கியூஎல். இங்கே சிக்கல் அதிகம். அதன் மூலநிரல் திறந்ததாயினும், பதிப்புரிமை முழுவதும் ஒரு கொம்பனியின் கையிற் குவிந்திருந்தது. இலவசமாக ஒரு முகமும், விலைக்கு இன்னொரு முகமுமாக அக்கொம்பனி வளர்ந்தது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவரான மைக்கல் வீடெனியஸ், 2008 விற்பனையிற் பங்காளி. ஒராக்கிள் வருகிறதென்றவுடன் மைஎஸ்கியூஎல்லைக் காப்பாற்றுவீர் என உலகை நோக்கி வேண்டுகோள் விடுத்தவரும் அவரே. விற்றுப் பணம் பெற்ற பொருளை மீண்டும் சமூகத்தின் பெயராற் கோருவதிலுள்ள முரண்பாட்டை அன்றே பலர் சுட்டினர். அவர் தொடங்கிய மரியாடிபி என்னும் கிளை வளர்ந்தது உண்மை. விக்கிப்பீடியா 2013 இல் அதற்கு மாறியதும் உண்மை. ஆனால் அக்கிளையைச் சார்ந்து எழுந்த கொம்பனி 2022 இற் பங்குச் சந்தைக்குச் சென்று, பங்கு விலை சரிந்தபின் 2024 இற் கே1 என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. விற்பனையிலிருந்து தப்பப் பிறந்த கிளையைச் சுற்றி எழுந்த வியாபாரமே மீண்டும் விற்பனைக்கு வந்தது! மரியாடிபிக்கெனத் தனியே ஓர் அறக்கட்டளை இருத்தலே அங்கு எஞ்சிய அரண்.

நான்காவது, ஓப்பின் ஓபிஸ். இதனை விரிவாக நோக்குவோம்.

4

கடிதம் எழுதவும், விரிதாளிற் கணக்கிடவும் பயன்படும் இம்மென்பொருளின் பயனாளர் நிரலாக்குநர் அல்லர். பாடசாலை ஆசிரியர், அலுவலக எழுதுவினைஞர், விலை கொடுத்து வாங்க இயலாத மாணவர், பொதுப்பணத்தைச் சிக்கனமாகச் செலவிட விரும்பிய அரசுத் திணைக்களங்கள் ஆகியோரே அதன் மக்கள். பிரான்சின் ஜோந்தார்மெரி என்னும் காவற்படை 2005 தொடக்கம் அதனைப் பெருமளவிற் பயன்படுத்தியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அதன் பட்டியல்களும் கட்டளைகளும் மொழிபெயர்க்கப்பட்டன. சந்தை இலாபம் தராதெனப் பெருங்கொம்பனிகள் ஒதுக்கிய மொழிகளிலும் தன்னார்வலர் இரவு நேரங்களில் இருந்து இவ்வேலையைச் செய்தனர்.

இத்தனையும் நடந்துங்கூட, ஓப்பின் ஓபிஸின் பெயரும் உரிமையும் சண்ணிடமே இருந்தன. நிரல் வழங்க விரும்பும் எவரும் தம் பதிப்புரிமையில் அக்கொம்பனிக்குப் பங்களித்து ஒப்பமிடல் வேண்டும். 2000 ஆம் ஆண்டில் இத்திட்டத்தை அறிவித்தபொழுது, சுயாதீனமான ஓர் அறக்கட்டளை அமைக்கப்படும் எனச் சண் வாக்களித்திருந்தது. பத்தாண்டுகள் கழிந்தும் அவ்வாக்கு நிறைவேறவில்லை. ஒராக்கிளைக் குறைகூறுவோர் இதனை நினைவிற் கொள்வாராக. சண் காட்டிய தாராளம், இறுதிச் சாவியை மட்டும் கையைவிட்டு விடாத தாராளமாகும். அச்சாவியே 2010 இல் 740 கோடி டொலர்ச் சாமான்களுடன் சேர்ந்து கைமாறிற்று.

2010 செப்டெம்பர் 28 ஆந் திகதி, சமூகத்தின் முன்னணியாளர் ஆவண அறக்கட்டளை என்னும் ஸ்தாபனத்தை அறிவித்தனர். லிப்ரே ஓபிஸ் என்பது அவர்கள் இட்ட தற்காலிகப் பெயர். பழைய பெயரைத் தந்துவிட்டுத் தம்முடன் சேருமாறு ஒராக்கிளுக்கும் அழைப்பு விடுத்தனர். விடை ஒக்டோபரிற் கிடைத்தது. புதிய அறக்கட்டளையிற் சேர்ந்தோர் ஓப்பின் ஓபிஸ் சமூகக் கழகத்திலிருந்து விலகல் வேண்டும் என்றனர் ஒராக்கிளின் பிரதிநிதிகள். பத்தாண்டுகள் ஒரு வீட்டைக் கட்டியோரை நோக்கி, நலமுரண் உண்டு, வெளியேறுங்கள் எனக் கூறும் உரிமை, வீட்டை நேற்று வாங்கியவனுக்குச் சட்டத்தில் உண்டு. முதலாளித்துவ உடைமையின் தருக்கம் இத்துணை அப்பட்டமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் தருணங்கள் மிகச் சிலவே.

அவர்கள் வெளியேறினர், மொழிக்குழுக்களும் தொடர்ந்து வெளியேறின. ஜேர்மன் நாட்டுச் சட்டப்படி அறக்கட்டளை அமைக்க 50,000 யூரோ மூலநிதி வேண்டியிருந்தது. 2011 பெப்ரவரியில் உலகெங்குமுள்ள பயனாளர் எட்டு நாட்களில் அதனைச் சேர்த்துக் கொடுத்தனர். 2012 இல் பேர்லினில் அறக்கட்டளை பதிவாயிற்று. உழைப்பு வழங்கியோரே அதன் உறுப்பினர். உறுப்பினரே ஆட்சிக் குழுவைத் தேர்வர். எந்த ஒரு கொம்பனியும் குழுவைக் கைப்பற்றாதவாறு யாப்பில் வரம்பிடப்பட்டுள்ளது.

ஒராக்கிள் 2011 ஏப்ரலில் தன் வியாபாரப் பதிப்பைக் கைவிட்டது. ஜூனில் மூலநிரலையும் பெயரையும் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளித்தது. பெயரை உரியவர்க்குக் கொடாது மூன்றாமவர்க்குக் கொடுத்தமையால், சமூகத்தின் பிளவு நிரந்தரமாயிற்று. பழைய பெயரின் புகழால் அப்பாச்சி ஓப்பின் ஓபிஸை நாடிச் செல்வோர் இன்றுமுளர். ஆனால் உழைப்போர் தொகை குறைந்தமையால் அது நலிந்தது. 2016 இற் பாதுகாப்பு வழு ஒன்றைத் திருத்துவதே கடினமாகி, திட்டத்தை மூடிவிடலாமா என அதன் பொறுப்பாளரே வினாவெழுப்பும் நிலை உண்டாயிற்று. இப்பிளவினால் நட்டமடைந்தவர் யார்? இரு கொம்பனிகளுமல்ல. எது பழையது, எது புதியது என்றறியாது பழையதையே பயன்படுத்திய சாதாரண மக்களே.

5

இனி, அபிமானிகளின் வீரகாவியத்தைச் சற்று விமர்சிப்போம்.

உரிமம் திறந்திருந்தாற் போதும், கொம்பனி எதுவும் செய்ய இயலாது என்பர் ஒரு சாரார். மேற்கண்ட நான்கு பொருள்களும் திறந்த உரிமம் பெற்றனவே. ஆயினும் அவற்றின் கதி ஒன்றாகவில்லை. உரிமம் பிரிந்து செல்லும் உரிமையைத் தருகின்றது. பிரிந்தபின் வாழும் வழியைத் தருவதில்லை. அவ்வழியை நிர்ணயிப்பவை வேறு மூன்று: உழைப்போர் கொம்பனிக்கு வெளியிலும் பரவியிருந்தனரா? தமக்கெனச் சுயாதீனமான ஸ்தாபனம் ஒன்றை அமைக்கும் பயிற்சி அவர்களுக்கு இருந்ததா? அவர்களிற் சிலருக்கேனும் ஊதியம் வழங்கும் வேறு வாயில் உண்டா?

லிப்ரே ஓபிஸ் வென்றமைக்கு இம்மூன்றும் இருந்தமையே காரணம். நொவெல் கொம்பனியின் நிரலாக்குநர் நெடுங்காலமாகவே சண்ணுக்கு வெளியிலிருந்து ஓப்பின் ஓபிஸைத் திருத்தி வந்தனர். ரெட் ஹாட் போன்ற கொம்பனிகளும் ஆள்பலம் தந்தன. எனவே ஒரு மூலதனத்தை எதிர்த்த சமூகம் வேறு மூலதனங்களின் தோளிற் கைவைத்தே நின்றது. இதனைக் கூறுவது அவர்தம் சாதனையை இழிவுபடுத்துவதற்கன்று. யதார்த்தத்தை மறைத்தால் அடுத்த போராட்டத்தில் ஏமாறுவோம் என்பதற்காகவே கூறுகின்றோம்.

அறக்கட்டளைக்குள்ளும் முரண்பாடு ஓயவில்லை. 2020 இல் வெளிவரவிருந்த பதிப்பொன்றில் தனிநபர் பதிப்பு என்ற அடைமொழி இடப்பட்டது. நிறுவனங்களை விலைகொடுத்து வாங்கச் செய்து, ஊதியம் வழங்கும் கொம்பனிகளைத் தாங்குவதே நோக்கம். சமூகம் கொதித்தெழ, அடைமொழி நீக்கப்பட்டது. ஆனால் நாடோறும் கடினமான வேலையைச் செய்வோர்க்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற வினா நீங்கவில்லை. இலவசமாகப் பெறும் பெரும் ஸ்தாபனங்கள் அவ்வினாவைத் தம்முடையதாகக் கருதுவதுமில்லை.

மேலும், இக்காவியத்தில் இடம்பெறாத பாத்திரங்கள் உளர். ஹம்பேர்க் நகரில், ஸ்டார் டிவிஷன் காலந்தொட்டு ஓப்பின் ஓபிஸை ஆக்கிவந்த பொறியியலாளரே அவர்கள். அம்மென்பொருளின் பெரும்பகுதி அவர்தம் கைவண்ணம். சுவீகாரத்தோடு அவர்கள் ஒராக்கிளின் ஊழியராயினர். தன்னார்வலர் பிரிந்து சென்றபொழுது இவர்களாற் செல்ல இயலவில்லை. வேலை ஒப்பந்தம் பிணைத்தது. ஒராக்கிள் கைவிட்டபொழுது இவர்கள் குழு கலைந்தது. பிரிந்து செல்லும் உரிமை மூலநிரலுக்கு உண்டு, கூலியுழைப்பாளனுக்கு இல்லை! கட்டற்ற மென்பொருள் இயக்கம் பயனாளரின் சுதந்திரத்தை வகுத்துப் பேசிய அளவுக்கு ஆக்குவோரின் வேலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசவில்லை. அவ்வியக்கத்தின் பெருங்குறை இது. தொழிற்சங்க இயக்கத்தோடு அது கைகோத்திருப்பின் ஹம்பேர்க் பொறியியலாளரின் குரலும் வரலாற்றிற் பதிவாகியிருக்கும்.

மக்கள் சார்பில் வேறொரு காப்பும் இருந்தது. ஆவணங்களைச் சேமிக்கும் வடிவம் எந்தவொரு கொம்பனிக்கும் சொந்தமாகாமல், 2006 இற் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டிருந்தது. அதனாலேயே ஒருவர் தாம் எழுதிய கடிதங்களை இழக்காது ஓப்பின் ஓபிஸிலிருந்து லிப்ரே ஓபிஸுக்கு மாற முடிந்தது. ஜேர்மனியின் ஷ்லெஸ்விக் ஹொல்ஸ்டைன் மாநிலம் 2024 இல் ஏறத்தாழ 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஓபிஸுக்கு மாற்ற முடிவெடுத்தமைக்குப் பின்னணியில் இந்த நியமமும் உண்டு. கொம்பனி விற்கப்படலாம், நாம் எழுதியது விற்கப்படலாகாது. இந்த எளிய கோட்பாட்டை வரவேற்போர் பலர். நடைமுறையிற் கேட்போர் சிலர்.

6

தொடக்கத்திலெழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். 2010 இல் வாங்கப்பட்டவை பெயர்களும் பதிப்புரிமைகளும் வேலை ஒப்பந்தங்களுமே. ஜாவாவின் பதிப்புரிமையை ஆயுதமாகக் கொண்டு கூகிள் மீது தொடுத்த வழக்கை ஒராக்கிள் பத்தாண்டுகளுக்கு மேல் நடத்தி, 2021 இல் அமெரிக்க உயர் நீதிமன்றிற் தோற்றது. காகிதத்தில் எழுதிய உரிமையின் எல்லையை அது காட்டிற்று. வாங்கப்பட முடியாதது, உழைப்போரிடை விளைந்த கூட்டுறவும் அவர்தம் கூட்டறிவும். எனினும் அக்கூட்டறிவு ஸ்தாபன ரீதியாகத் திரளாதவிடத்து, வாங்கப்படாமலே அழிந்து போகலாம் என்பதைத் திறந்த சொலாரிஸின் கதி கூறுகின்றது.

இதிலிருந்து ஆசிரியரும் மாணவரும் பெறத்தக்க படிப்பினை நடைமுறை சார்ந்தது. ஒரு பாடசாலைக்கோ சங்கத்துக்கோ மென்பொருளொன்றைத் தெரிவு செய்கையில், விலை என்ன என்பதோடு நின்றுவிடுகின்றோம். இதன் பெயர் யாருக்குச் சொந்தம்? இதன் ஆவண வடிவம் யாருக்குச் சொந்தம்? இதனை ஆக்குவோர்க்கு யார் ஊதியம் தருகின்றனர்? நாளை இது விற்கப்பட்டால் எம் நிலை என்ன? இவ்வினாக்களையும் உடன் கேட்டல் வேண்டும். லிப்ரே ஓபிஸ் இன்றும் தமிழ் முகத்துடன் கிடைக்கின்றது. அத்தமிழில் வழுக்களும் விடுபட்ட இடங்களும் காணப்படலாம். அவற்றைத் திருத்த எவரிடமும் அனுமதி கேட்கவேண்டுவதில்லை. மொழியறிவும் சில மாலைப்பொழுதுகளும் போதும். இலவசமாகக் கிடைத்ததென வாங்கிக்கொள்வோனாக நில்லாது, ஆக்குவோர் வரிசையிலும் நிற்கும்பொழுதே பொதுச்சொத்து பொதுச்சொத்தாக நிலைக்கும். அவ்வரிசையில் நிற்போரின் கூலிக்காகவும் நாம் குரலெழுப்பும்பொழுதே அது நீதியான சொத்தாகும்.